சுண்ணாம்புக் கோடு

வீடு கட்டும்போதே நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டில் கோழி இருக்கக் கூடாது. தென்காசிக்குள் வாடகைக்கு இருந்த காலத்தில் மாடிப்படி முழுக்கக் கோழி எச்சம் மிதித்தே நடந்தவள் நான். குத்துக்கல்வலசையில் புது மனைகள், புது வீடுகள், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், இங்கே யார் கோழி வளர்க்கப் போகிறார்கள் என்று நம்பி வந்தேன். குடிவந்த வாரமே, ஆசையாக நட்ட பிச்சிக்கொடியின் அடிமண்ணை ஒரு செவலைக் கோழி கிளறி வாசல் முழுக்க இறைத்துவிட்டு, என்னையே தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றது.

"யாரு வீட்டுக் கோழி இது? சவத்தைப் பிடிச்சு அடைச்சு வைக்க மாட்டியளா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. ஒல்லி முகம், காதோரம் நரை, சுவரைப் பிடித்திருந்த விரல்களில் ஊதாக் கறை.

"எங்க வீட்டுதுதான் தாயி. நீ கிட்டத்துல நிக்கேல்லா, அது கொண்டையைக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன். செவப்பா இருக்கா, வெளிறிக் கெடக்கா?"

சண்டைக்கு வந்தவளிடம் கோழிக் கொண்டையின் நிறம் கேட்டால் என்னதான் சொல்வது? "செவப்பாத்தான் இருக்கு" என்றேன். "அப்பாடி" என்று அந்தத் தலை இறங்கிவிட்டது. என் பிச்சிக்கொடியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அவள்தான் மதினி. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பி மனைவி செல்வி "மதினி, மதினி" என்று அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவள் மதினியாகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தம்பிக்குக் குற்றாலத்தில், அருவிக்குப் போகிற பாதையில், துண்டும் பையும் விற்கிற சின்னக் கடை. சீசன் வந்துவிட்டால் அவன் வீட்டுக்கு வருவதே அபூர்வம். செல்வியும் கடைக்குப் போய்விடுவாள். அதனால் அவர்களுடைய ஒரே மகள் பாப்பா, தவழ்ந்ததும் நடந்ததும் மதினியின் சேலையைப் பிடித்துக்கொண்டுதான். ராத்திரி அத்தையின் வயிற்றில் கால் போட்டால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

பாப்பாவுக்கு அடுத்தபடி மதினிக்குக் கோழிகள்தான். அவற்றுக்கென்று ஒரு மருந்துப் பெட்டி வைத்திருந்தாள். பழைய தகர பிஸ்கட் டப்பா. திறந்தால் வேப்பெண்ணெய் வாடை மூக்கில் அடிக்கும். உள்ளே மஞ்சள்தூள், பஞ்சு, ஊசி கழற்றிய சிரிஞ்சு, குளுக்கோஸ் பொட்டலம், டிங்சர் பாட்டில், கிழித்துச் சுருட்டிய வேட்டித் துணி, கால் ஒடிந்த குஞ்சுக்குக் கட்ட ஐஸ் குச்சிகள், தண்ணீரில் கலக்கிற ஊதா மருந்து. எங்கள் வீட்டில் மனுஷருக்குக்கூட ஒரு பிளாஸ்திரி கிடையாது. பாப்பா விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும் அந்த டப்பாதான் திறக்கும். "நான் என்ன கோழியா?" என்று அது தெரு அதிர அழும். "கோழின்னா சும்மா இருக்கும்ட்டி, இந்தக் கத்து கத்தாது" என்று சொல்லிக்கொண்டே மதினி மஞ்சளை அப்பிவிடுவாள்.

அவள் செய்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை ஊதா மருந்தைக் கூடுதலாகக் கலக்கிவிட்டாள். அத்தனை கோழியும் அலகெல்லாம் கத்திரிக்காய் நிறமாகி, தண்ணீரைக் கண்டாலே ஓடின. பாதிக்குப் பாதி அவள் வைத்தியத்தில் பிழைக்கும், மீதி செத்துப் போகும். செத்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். கோழி சோர்ந்து தலையைத் தொங்கப் போட்டால், சாகுமுன் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவளிடம் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் போதும், "உனக்குக் காய்ச்சல் வந்தா உன்னையும் அப்படித்தான் செய்யணும்" என்பாள்.

வைத்தியத்தில் தடுமாறுவாளே தவிர, ஒரு விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. எந்தக் கோழியாவது ஒரு தும்மல் தும்மினால் போதும். "மொதல்ல பிரிச்சு வை. மருந்தைப் பொறவு பாப்போம்." இதுதான் அவள் வாயில் எப்போதும் இருக்கிற பேச்சு. வீட்டின் பின்பக்கம் கிரைண்டர் கிடந்த தகரக் கொட்டகைக்கு அருகே ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து, சீக்குக் கோழியை அதற்குள் விடுவாள். மூங்கில் கூடைதான், ஆனால் கோழிக்கு அது ஆஸ்பத்திரி. அதைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போடுவாள். அந்தக் கோட்டுக்குள் அவளைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. அவளும் அங்கிருந்து வெளியே வந்தால் காலைக் கழுவிவிட்டுத்தான் மற்றக் கோழிகளிடம் போவாள்.

எனக்கு அந்தக் கோடு மறக்கவே மறக்காது. ஒரு ஆடி மாதம், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கொண்டாட்டம், மதினிக்கு மட்டும் கோழிக்குச் சளி பிடித்துவிடுமே என்று திண்டாட்டம். அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்த ஒரு தாய்க்கோழிக்கு மூக்கில் நீர் வடிந்தது. தூக்கிப் பஞ்சாரத்தில் போட்டுவிட்டாள். குஞ்சுகளெல்லாம் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து கீச்சுக் கீச்சென்று கத்துகின்றன. தாய் உள்ளே இருந்து கொக்கரிக்கிறது. பாப்பாவுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. கோட்டுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்து குஞ்சுகளோடு சேர்ந்து அழுகிறது.

எனக்கே பொறுக்கவில்லை. "பாவம் மதினி, புள்ளைகளை மட்டும் உள்ள விடுங்களேன்" என்றேன்.

"சீக்குல அம்மா புள்ளைன்னு கெடையாது. பாவம் பாத்தேன்னா எல்லாம் போயிரும்." குஞ்சுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் ஒரு அட்டைப்பெட்டியில், குண்டு பல்புக்கு அடியில் விட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் செய்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

அவளைக் கட்டிக்கொடுத்தது புளியங்குடியில். எலுமிச்சங்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர் புருஷன். அவர் போன பிறகு பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டுக்கு வந்தாள். புளியங்குடியில் வைத்திருந்த கோழிகள் ஒரே வாரத்தில் வெள்ளைக் கழிச்சலில் மொத்தமும் போய்விட்டனவாம். "ஒரு கோழிக்குத்தான் மொதல்ல வந்துச்சு. நல்ல அடைக்கோழி. அதைப் போயி ஒத்தையில எப்படிப் போடன்னு கூடவே விட்டுட்டேன். அந்த ஒண்ணுக்குப் பாவம் பாத்ததுல அத்தனையும் போச்சு" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், நான்தான் சிரிக்கவில்லை.

நானும் அவளும் நெருங்கியது ஒரு ஊசியால். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். ஒருநாள் மத்தியானம், "நல்ல ஊசியும் பட்டு நூலும் கொண்டா தாயி, ஓடியா" என்று குரல். போய்ப் பார்த்தால், நாய் கவ்வி முதுகுத் தோல் கிழிந்து தொங்க, அதே செவலைக் கோழி அவள் மடியில் கிடக்கிறது. என் பிச்சிக்கொடியைக் கிளறிய மகராசி. "பிடிச்சுக்கோ" என்று அதை என் மடிக்குத் தள்ளிவிட்டாள். தலையில் துணி போட்டு மூடியதும் அது அடங்கிவிட்டது. ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஊதா மருந்துத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, தைக்க ஆரம்பித்தாள்.

"என்ன மதினி, தையல் கோணலால்லா போவுது" என்றேன்.

"ரவிக்கையா போட்டுக்கிடப் போவுது? கம்முனு பிடிட்டி."

கோழி பிழைத்தது. அந்த ஊசியில் மறுபடி ரவிக்கை தைக்க எனக்கு மனம் வரவில்லை. டப்பாவிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று முதல் நானும் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் ஆகிவிட்டேன்.

அந்தச் செவலைக்குத்தான் அதன் பிறகு ஒரு கொடுமை நடந்தது. தையல் ஆறுகிறவரை பஞ்சாரத்தில் தனியாக இருந்தது. பிரித்து வைத்த கோழியைத் திரும்பக் கூட்டத்தில் சேர்ப்பதற்கு மதினி ஒரு முறை வைத்திருந்தாள். பகலில் விடவே மாட்டாள். பொழுது அடைந்து, மற்றக் கோழிகள் கூட்டில் ஏறிக் கண்ணை மூடிய பிறகு, இதை நைசாகத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் உட்கார வைப்பாள். "விடிஞ்சு முழிச்சுப் பாக்கும்போது, இது நேத்தும் இங்கனதான் இருந்துச்சுன்னு நெனச்சுக்கிடும். பகல்ல விட்டா புதுசா வந்த ஆளுன்னு கொத்திப் போடும். கூடப் பொறந்ததா இருந்தாலும் கொத்தும்" என்பாள்.

செல்விக்கு அது தெரியாது. நல்லது செய்வதாக நினைத்து, புண் ஆறிவிட்டதே என்று ஒரு பட்டப்பகலில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டுவிட்டாள். எல்லாக் கோழியும் சேர்ந்து செவலையைக் கொத்தியதைப் பார்த்திருக்க வேண்டும். கொண்டை முழுக்க ரத்தம். மதினி ஓடிவந்து தூக்கினாள். செல்வியை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புண்ணும் ஆறியது. ஆனால் செவலை அதற்குப் பிறகு மற்றக் கோழிகளோடு சேரவே இல்லை. அவை தின்று போன பிறகு வந்து சிந்தியதைப் பொறுக்கும். ராத்திரி கொட்டகைக் கம்பியில் ஒற்றையாக அடையும்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மதினிக்கு இருமல் வந்தது. சாரல் இருமல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சீசன் முடிந்து சாரல் நின்றது, இருமல் நிற்கவில்லை. உடம்பு இளைத்து ரவிக்கை தொளதொளவென்றானது. நான்தான் அளவு பிடித்துக் கொடுத்தேன், அதனால் எனக்குத் தெரியும். வற்புறுத்தி என் ஸ்கூட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சளியைப் பரிசோதித்து, படம் எடுத்து, டிபி என்றார்கள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "பயப்படாதீங்க, ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும். கொஞ்ச நாளைக்கு முகத்தை மூடிக்கிடுங்க, காத்தோட்டமா இருங்க. அப்புறம் யாருக்கும் பரவாது. தட்டு, தம்ளர் எல்லாம் தனியா வைக்க வேண்டியதில்ல. வீட்டுல உள்ளவங்களையும் ஒருக்கா வந்து பரிசோதிச்சுக்கிடச் சொல்லுங்க" என்றார். மதினி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "பாப்பாவுக்கு வந்திருக்குமாட்டி?"

பாப்பாவுக்கு வரவில்லை. வீட்டில் யாருக்கும் வரவில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட சாயங்காலமே மதினி தன் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய்விட்டாள். கிரைண்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு, அங்கே படுக்கையைப் போட்டாள். ஒரு தட்டும் தம்ளரும் எடுத்து, கலந்துவிடக் கூடாதென்று ஆணியால் கீறிக் கோழிக்கால் போல அடையாளம் வைத்தாள். தம்பி பதறிப்போய்க் கேட்டான், "என்னக்கா இது? டாக்டரே வேண்டாம்னு சொல்லுதாவ." செல்வியும் அழுதாள். மதினி ஒரே பேச்சுதான்: "மொதல்ல பிரிச்சு வைக்கணும்லே. நான் இங்கன இருந்துக்கிடுதேன்."

கொட்டகை வாசலில் சுண்ணாம்புக் கோட்டைப் போட்டாள்.

பாப்பா அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையோடு பின்பக்கம் ஓடிவரும். "அங்கன நில்லு! கோட்டைத் தாண்டாதே!" என்று மதினி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சத்தம் போடுவாள். ஒருமுறை அது தாண்டி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. மதினி அதைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். வாழ்நாளில் அந்தப் பிள்ளையை அதட்டியறியாதவள், "அத்தைகிட்ட வந்தா நீ செத்துப் போவே, தெரியுமா? அத்தை தட்டு, அத்தை தம்ளர், அத்தை பாய் எதையும் தொடப்பிடாது" என்று கத்தினாள். பாப்பா பயந்து நடுங்கிக்கொண்டே போனது. மதினி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுததைச் சுவருக்கு மேல் நான்தான் பார்த்தேன்.

பிள்ளை பழகிக்கொண்டது. கோட்டுக்கு வெளியே கால் விரல்களை வரிசையாக வைத்து நிற்கும். அங்கிருந்தே வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டும், வாய்ப்பாடு ஒப்பிக்கும். மழையில் கோடு கரைந்தால் மதினி மறுபடி போடுவாள். நான் எத்தனையோ தடவை சொன்னேன். "டாக்டரம்மா என்ன சொன்னாவ? இப்ப பரவாதுல்லா? போதும் மதினி இந்தக் கூத்து" என்றேன். "முழுசா ஆறட்டும். பாவம் பாத்துத்தான் புளியங்குடியில அத்தனையும் போச்சு" என்றாள்.

முழுசாக ஆறியும் விட்டது. மாத்திரை முடிந்து, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு டீ குடித்தோம். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பியிடமும் செல்வியிடமும் சொன்னாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம். தம்பி அல்வா வாங்கிவந்தான். மதினி கொட்டகை வாசலைக் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்புக் கோட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். குளித்து, நான் தைத்துக் கொடுத்த புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை.

அன்றைக்கும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. செல்வி வழக்கம்போலக் கோழிக்கால் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள். அன்பாகத்தான் வைத்தாள், மீனில் நல்ல துண்டு அந்தத் தட்டில்தான் இருக்கும். ஆனால் மதினி படுக்கிற இடத்தில், நடு அறையில், சீசனுக்கு எடுத்த துண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. செல்வியைத் தனியாகப் பிடித்துக் கேட்டே விட்டேன்.

"நான் போகச் சொன்னேனாக்கா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "அவியளா போனாவ. நான் காலைப் பிடிக்காத குறையா வேண்டாம்னு சொன்னேன். இப்ப நான் போயி உள்ள வாங்கன்னு சொன்னா, இத்தனை நாளும் நாந்தான் வெளிய வச்சிருந்தேன்னுல்லா ஆயிரும்? அவிய வீடு. அவியளா வரட்டும்."

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. இந்தப் பக்கம் வந்து மதினியிடம், "நீங்களா உள்ள போங்களேன், உங்க தம்பி வீடுதானே" என்றேன்.

"கூப்பிடாம எப்படிட்டி போவ? செல்விக்கு மனசுல ஒரு பயம் கெடந்துச்சுன்னா? புள்ளைக்காரி. அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்."

இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த மரியாதையில் அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நடுவில் போய் நான் சொல்லலாமா? சொன்னேன், இரண்டு பக்கமும் சொன்னேன். என் பேச்சு எடுபடவில்லை. தம்பியோ கடை கடை என்று குற்றாலத்திலேயே கிடந்தான். அக்காவுக்கு அங்கேதான் காற்றோட்டமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டானாம் அந்த மகராசன்.

ஒருநாள் மதினி சுவரருகே வந்து நின்று, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "பகல்ல போனாத்தானே கஷ்டம். பொழுது அடைஞ்ச பொறவு, எல்லாரும் டிவி பாத்துட்டு இருக்கும்போது, நைசாப் போயி நடுவுல உக்காந்துருவமா?" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் செல்விக்குத் தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போயிருந்தேன். விளக்கு வைத்தாகிவிட்டது. தம்பியும் அபூர்வமாக வீட்டில் இருந்தான். எல்லாரும் தரையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடி தோசை தின்றுகொண்டிருந்தோம். பின்கதவு திறந்தது. மதினி உள்ளே வந்தாள். புது ரவிக்கை, தலையில் என் வீட்டுப் பிச்சிப்பூ. நேற்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தவள்போல, பாப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். தம்பி திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல டிவியைப் பார்த்தான். செல்வியின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் எழுந்து ஒரு தட்டை எடுத்து, சூடாக ஒரு தோசையை வைத்து மதினிக்கு முன்னால் நீட்டினாள். வீட்டுத் தட்டு. கோழிக்கால் போட்டது இல்லை.

பாப்பா திடுக்கிட்டு எழுந்தது. தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, மதினி கற்றுக்கொடுத்தபடியே, அவ்வளவு அக்கறையாகச் சொன்னது:

"அத்தை, இது உங்க தட்டு இல்ல. இதுல சாப்புட்டா நாங்க எல்லாம் செத்துப் போவோம்லா?"

செல்வி, "ஏட்டி, வாயை மூடு!" என்று அடிக்கக் கை ஓங்கினாள். மதினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதே. நான் சொல்லிக் குடுத்ததுதானே" என்றாள். எழுந்தாள். "கோழிக்குத் தண்ணி வைக்க மறந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பின்கதவு வழியாகப் போனாள். கோழிகள் அடைந்து நேரமாகிவிட்டது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

செல்வி பின்னாலேயே போய் அழைத்தாள். "வாங்க மதினி, புள்ளை தெரியாமப் பேசிட்டு" என்று எத்தனையோ நாள் அழைத்தாள். கேட்கக் காத்திருந்த அந்த வார்த்தை வந்தபோது, மதினிக்கு அது வேண்டாததாகிவிட்டது. "எனக்கு இங்கனதான் காத்தோட்டமா இருக்கு" என்று தம்பி நினைத்ததையே அவளும் சொல்ல ஆரம்பித்தாள். மற்றக் கோழிகள் தின்று போன பிறகு வருகிற செவலையும் அவளும்தான் கொட்டகை வாசலில். தன் தட்டிலிருந்து அதற்குச் சோறு எடுத்து வைப்பாள். பாப்பா இப்போதும் பள்ளிக்கூடம் விட்டு வரும். வாசலில் கோடு இல்லை, கழுவிவிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளையின் கால் சரியாக அதே இடத்தில் நின்றுவிடும். மதினியும் "இங்க வா" என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு, அது வராமல் போய்விட்டால்?

அடுத்த சீசன் தொடங்கிச் சாரல் விழ ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம் குஞ்சுகளுக்குச் சிரிஞ்சால் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நான்தான் முதலில் ஓடினேன். மருந்து டப்பா கவிழ்ந்து, பஞ்சும் ஐஸ் குச்சிகளும் ஈரத்தில் சிதறிக் கிடந்தன. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். நெஞ்சுச் சளி தீர்ந்த நெஞ்சு வேறு எதனாலோ நின்றுபோனது.

திரும்பிக் கொண்டுவரும்போது பொழுது அடைந்துகொண்டிருந்தது. கோழிகள் கூட்டில் ஏறிவிட்டிருந்தன. வண்டியிலிருந்து இறக்கியவர்கள், "எங்க வைக்க? பின்னால கொட்டகையிலயா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, அங்கேதான் இருந்தாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

செல்வி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "நடு வீட்டுல வைங்க! அது அவிய வீடு!" அவளே உள்ளே ஓடி, துண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வாசலுக்குத் தள்ளினாள். அவ்வளவு சரக்கும் சாரலில் நனைந்தது. தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மதினி எப்போதும் படுக்கிற இடத்தில், நடு அறையில், அவளுடைய பழைய பாயை விரித்துப் படுக்க வைத்தோம்.

பாப்பா அறை வாசற்படியில் நின்றது. பள்ளிக்கூட யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டு கால் விரல்களும் ஒரே வரிசையில், ஏதோ கோடு போட்டிருப்பதுபோல. யாரும் அதைக் கவனிக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றுவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்தது.

"பெரியம்மா, அத்தைக்கு இப்ப இருமல் இல்லைல்லா?"

"இல்ல தாயி."

"அப்போ கிட்ட போலாமா?"

போகலாம் என்று தலையை ஆட்டினேன். பிள்ளை படியைத் தாண்டிப் போனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அத்தை பக்கத்தில் படுத்தது. சின்ன வயதில் படுப்பதுபோலவே, வயிற்றில் கால் போட்டுக்கொண்டது. செல்வி போட்ட கூப்பாட்டைக் கேட்டு வெளியே நின்ற ஆண்களும் அழுதார்கள்.

பெரியவர்கள் சிலர் குழந்தையைத் தூக்கிவிடச் சொன்னார்கள். செல்வி விடவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். இருவரும் அப்படியே இருந்தார்கள், நேற்றும் முந்தாநாளும் அங்கேயே படுத்திருந்தவர்களைப்போல.